மாமனார் பெயர் கொண்ட பிள்ளை

பள்ளிக்கூட டீச்சருக்குப் பிள்ளை பிறந்தால் பெயர் வைப்பது லேசான காரியம் இல்லை. நல்ல பெயர் என்று எதை நினைத்தாலும் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவன் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். ஒருவன் பக்கத்துப் பையனைக் கடித்து வைத்தவன். ஒருவன் வீட்டுப்பாடம் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொள்பவன். இன்னொருவன் தங்கமான பிள்ளைதான், ஆனால் எந்நேரமும் மூக்கு ஒழுகும். என் கணவர் ஒவ்வொரு பெயராகச் சொல்வார், நான் ஒவ்வொரு முகமாகச் சொல்லித் தள்ளுவேன்.

"இப்படியே போனா நம்ம பையனுக்கு நம்பர்தான் போடோணும் அம்மணி" என்று சிரிப்பார்.

இதெல்லாம் நடந்தது கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில், டாக்டரம்மா கிளினிக்குக்கு எதிரே இருந்த பேக்கரியில். மாதா மாதம் செக்கப் முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து டீயும் தேங்காய் பன்னும் சாப்பிடுவோம். ஆணா பெண்ணா என்று தெரியாது என்பதால் இரண்டு பெயர் வேண்டியிருந்தது. பெண் பெயர் ஒரே சாயங்காலத்தில் முடிவாகிவிட்டது. ஆண் பெயர்தான் இழுத்துக்கொண்டே போனது. ஒரு நாள் அவர் டீயை ஆற்றிக்கொண்டே ஒரு பெயரைச் சொன்னார். நான் யோசித்துப் பார்த்தேன். எந்த முகமும் வரவில்லை. நான் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரில் ஒரு பையன்கூட என் வகுப்புக்கு வந்ததில்லை. சின்னப் பெயர், சுத்தமான தமிழ்ப் பெயர். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அதோடு முடிந்தது.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என் மகனுக்கு இப்போது இருக்கிற பெயரையும் எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அவர் ஒரு பம்ப்செட் கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறார். காலையில் கிளம்பும்போது ஷூ போடக் குனிவாரில்லையா, அப்படியே என் வயிற்றுப் பக்கம் திரும்பி, அந்தப் பெயரைச் சொல்லி, "அப்பா போயிட்டு வாரேன்டா" என்பார். ஒரு நாள் தவறியதில்லை. நான் சமையலறையில் நின்றாலும் தேடி வந்து சொல்லிவிட்டுத்தான் போவார். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷம் கோயில் கோயிலாகவும் டாக்டர் டாக்டராகவும் அலைந்து உண்டான பிள்ளை. பெயர் கிடைத்த பிறகுதான் உள்ளே இருப்பது ஒரு ஆள் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

என் மாமனார் அதற்கு முந்திய வருஷம்தான் தவறியிருந்தார். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு. ராத்திரி யானை இறங்கினால் பட்டாசோடு முதல் ஆளாக நிற்கிறவர், என்னிடம் மட்டும் குரலை உயர்த்தியதே கிடையாது. பிள்ளை இல்லை என்று ஊரார் என்னைக் குத்திப் பேசினபோது, "எங்கூட்டு மருமகளப் பத்திப் பேசறதா இருந்தா எங்கிட்டப் பேசுங்க" என்று சொன்ன மனுஷன். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு என்னை எல்லோரும் அவருக்கு எதிரியைப் போலப் பார்த்தார்கள்.

கட்டுச்சோத்து விருந்துக்கு அம்மா வீட்டிலிருந்து வந்தார்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, தேங்காய்ச்சோறு என்று தூக்குத் தூக்காக இறக்கி, ஊருக்கே பரிமாறிவிட்டு, சாயங்காலம் என்னைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வண்டி ஏறப்போகிற நேரத்தில் என் கணவர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ பேசினார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஆஸ்பத்திரி விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வழியில் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல அம்மணி, உன்னப் பத்தரமாப் பாத்துக்கச் சொன்னாரு" என்றார் அம்மா.

பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் என் கணவர் அவனைக் கையில் வாங்கியதும் தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். அழுது முடிந்ததும், "பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, உங்க கொரல் அவனுக்குத் தெரியும்" என்றேன்.

"பேர் வெக்கற அன்னிக்குக் கூப்பிடலாமுங்க அம்மணி. இப்ப வேண்டாம்" என்றார். இந்த மனுஷனுக்கு எப்போது சாஸ்திரமெல்லாம் வந்தது என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. பிரசவக் களைப்பில் எனக்கு அது உறைக்கவில்லை.

பெயர் வைத்தது என் அம்மா வீட்டில். எங்கள் பக்கம் பெயரைப் பிள்ளையின் காதில் சொல்கிற உரிமை அத்தைக்காரிக்கு. அதாவது என் நாத்தனாருக்கு. அவர் சர்க்கரைத் தண்ணீரைப் பிள்ளையின் நாக்கில் தொட்டு வைத்தார். வெற்றிலையால் காதை மறைத்துக்கொண்டு குனிந்து மூன்று தடவை சொன்னார். நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், என்ன பெயர் என்றுதான் எனக்குத் தெரியுமே. பிறகு அவர் நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்து, சத்தமாகச் சொன்னார்.

என் மாமனார் பெயர்.

முதலில் நாத்தனார் தவறாகச் சொல்லிவிட்டார் என்றே நினைத்தேன். அப்பாவை நினைத்துக்கொண்டு வாய் குளறியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் கூட்டத்தில் பெரியப்பா முறைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெரியவரே வந்துபோட்டாரு" என்றார். எல்லோரும் தொட்டிலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். என் கணவரைத் தேடினேன். அவர் தொட்டில் சேலையின் முடிச்சைச் சரி செய்வதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த முடிச்சில் ஒரு கோளாறும் இல்லை.

பிறகு அம்மாவைப் பார்த்தேன். வந்தவர்களுக்குச் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்தார். என் அம்மா எதற்கெடுத்தாலும் வாயைப் பிளக்கிறவர். பக்கத்து வீட்டில் புது மிக்ஸி வாங்கினால்கூட "அப்படீங்களா" என்று கன்னத்தில் கை வைப்பார். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. தட்டை நீட்டி நீட்டி அடுத்த ஆளுக்குப் போய்க்கொண்டே இருந்தார். அம்மாவுக்குத் தெரியும் என்று அந்த நிமிஷம் புரிந்தது.

எல்லோரும் பந்தியில் உட்கார்ந்த பிறகு அவரை அறைக்குள் கூப்பிட்டேன்.

"அப்பா கேட்டாருங்க அம்மணி" என்றார். "கடைசியா ஆஸ்பத்திரில என்ற கையப் புடிச்சுட்டுக் கேட்டாரு. பையன் பொறந்தா என்ற பேர வெய்யின்னு. நா செரிங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"அதுக்கப்பறந்தான நான் உண்டானேன். அதுக்கப்பறந்தான பேக்கரில உக்காந்து பேர் பாத்தோம். ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு சொன்னார்: "பொண்ணாப் பொறந்துட்டாப் பிரச்சனையே இல்லைன்னு இருந்துட்டேன்."

அப்படியானால் காலையில் வயிற்றைப் பார்த்துச் சொன்னதெல்லாம் என்ன? பையனாக இருந்தால் இந்தப் பெயர் இல்லை என்று தெரிந்தே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். நான் பூரித்துப் போய் நின்றிருக்கிறேன். எத்தனையோ மாதம் எனக்குக் காதில் பூ சுற்றியிருக்கிறார், அதுவும் அன்பாக.

கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனா என்று பலர் கேட்டுவிட்டார்கள். சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அழுதிருப்பேன். அப்புறம் அந்த நல்ல மனுஷன் முகத்தை நினைத்துக் கொடுத்திருப்பேன். என்னிடம் அந்தச் சண்டையைக்கூட யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

அம்மாவிடம் கேட்டதற்கு, "மாப்பள எங்கிட்டத்தான் சொன்னாரு, பக்குவமாச் சொல்லி வெய்யுங்கன்னு. மாசமா இருக்கற புள்ளகிட்ட இதச் சொல்லி மனசக் கெடுக்க வேண்டாம்னு இருந்துட்டேன்" என்றார். கூடவே, "பேருல என்ன அம்மணி இருக்குது, புள்ள நல்லா இருந்தாப் போதாதா" என்றார். ஊரே சேர்ந்து ஒரு பெயருக்காக என்னை ஏமாற்றிவிட்டு, பெயரில் என்ன இருக்கிறது என்று என்னையே கேட்டார்கள். அம்மாவோடு நான் பேச ஆரம்பிக்க வெகு நாளாயிற்று. பேச ஆரம்பித்த பிறகும் என் சொந்த விஷயம் எதையும் அவரிடம் சொல்வதில்லை.

பெயர் பறிபோனதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. இது எங்கள் பக்கத்து வழக்கம், என் அம்மா காலத்தோடு ஒழிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தது. தொட்டிலைப் பார்த்து எல்லோரும் கும்பிட்டபோது, பெற்றவளால் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் சொல்லிப் பார்த்தேன், ஒரே ஒரு தடவை. பிள்ளை தவழ ஆரம்பித்த சமயம். தொண்டாமுத்தூர் வீட்டு வாசலில் மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். எனக்கு அன்றைக்கு யார் மேலேயோ கோபம். மாமனார் பெயரை முழுசாகச் சொல்லி, "வாயில மண்ணப் போட்டீன்னா அடி விழுகும்" என்று அதட்டினேன். உள்ளேயிருந்து மாமியார் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நானும் தயாராகத்தான் இருந்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க கண்ணு" என்றார். "அவியள யாரோ அதட்டற மாதிரி இருக்குது. அதான் என்னமோ பண்ணுது." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இதற்கு நான் என்ன செய்வேன்? அதோடு நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. மாமியாரும் சொன்னதில்லை. அவருக்கு அது புருஷன் பெயர். பேரனை அவர் "சாமி" என்றுதான் கூப்பிடுவார்.

என் கணவர் சமாதானத்துக்கு ஒரு வழி சொன்னார். "ஊட்டுல கூப்பிடற பேரா நீ ஆசப்பட்ட பேரையே வெச்சுக்கலாமுங்க அம்மணி. யாரு வேண்டாங்கறா?" நான் ஆசைப்பட்ட பேராம். நாம் பார்த்த பேர் என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. நாய்க்குட்டிக்கு வைப்பதுபோல வைக்க நான் அந்தப் பெயரைத் தேடவில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெயரைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. வழக்கம்தானே வேண்டும், முழுசாக வைத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தேன். தடுப்பூசி போடப் போனால் நர்ஸ் பெயர் கேட்பார், நான் கணவரைக் கை காட்டுவேன். எல்கேஜி சேர்க்கையின்போது தலைமையாசிரியை கேட்டார், அப்போதும் கை காட்டினேன். "நீங்களே டீச்சர்தானங்க, பையன் பேரு சொல்றதுக்கென்ன?" என்று அந்த அம்மா சிரித்தார். "எங்க ஊட்டு வழக்கமுங்க" என்றேன். கணவரின் முகம் சுண்டிப் போயிற்று. எனக்கு அது போதுமானதாக இருந்தது. தினமும் காலையில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரையும் சத்தமாகப் படிக்கிறவள், வீட்டுக்கு வந்தால் சொந்தப் பிள்ளையை "கண்ணு" என்பேன். கோயமுத்தூரில் கண்ணு என்றால் யார்தான் இல்லை? காய்கறிக்காரம்மாவுக்கு நான் கண்ணு, பஸ் கண்டக்டருக்கு நானும் என் பின்னால் நிற்கிறவளும் கண்ணு.

ஆனால் மனசுக்குள் நான் அவனை அந்த இன்னொரு பெயரில்தான் கூப்பிட்டேன். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே. யாருக்கும் தெரியாது. எனக்கும் அவனுக்கும் உள்ள உறவு முழுக்க அந்தப் பெயரில்தான் நடந்தது, அவனுக்குத் தெரியாமலேயே.

இந்த வருஷம் மாசியில் காரமடைத் தேருக்குப் போனோம். மாமியாருக்கு வேண்டுதல். என் கணவர் எங்களைக் கோயில் பக்கம் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனார். வெகு தூரம் போய்த்தான் இடம் கிடைக்கும். நானும் மாமியாரும் பையனும் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். மேளச் சத்தம், கோவிந்தா கோவிந்தா என்ற சத்தம், பலூன்காரர்களின் ஊதல் சத்தம். மாமியார் துளசி மாலைக்குப் பேரம் பேசினார். நான் பையைத் திறந்து சில்லறை எடுத்தேன். திரும்பினால் பையன் இல்லை.

"கண்ணு, கண்ணு" என்று கத்தினேன். யார் யாரோ திரும்பினார்கள். யார் வீட்டுப் பிள்ளைகளோ திரும்பின. மாமியார் "சாமி, சாமி" என்று கத்தினார். தேர்த் திருவிழாவில் சாமி என்று ஒருத்தி கத்தினால் யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? பக்கத்தில் நின்ற ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டார்.

யாரோ எங்களைப் போலீஸ் பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மைக் முன்னால் ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தார்.

"பையன் பேரு என்னங்க?"

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"எங்கூட்டுக்காரர் பேருங்க" என்றார் மாமியார்.

"அவரு பேரு என்னங்கம்மா?"

மாமியார் வாயைத் திறந்தார், மூடினார். அந்தப் பெண் போலீஸ் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிள்ளையைத் தொலைத்துவிட்டு வந்து, பெயர் சொல்லாமல் நிற்கிற இரண்டு பொம்பளைகளை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார்.

மாமியார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நீயே சொல்லு கண்ணு. பரவால்ல, சொல்லு. நா ஒண்ணும் நெனைக்கல. சொல்லு."

சொன்னேன். என் வாயில் வந்தது அந்த இன்னொரு பெயர்.

பெண் போலீஸ் உடனே மைக்கைத் தட்டிவிட்டு அதைச் சொன்னார். அந்தப் பெயர் கொண்ட சிறுவனைக் காணவில்லை, அவன் தாயார் போலீஸ் பந்தலில் காத்திருக்கிறார் என்றார். ஒலிபெருக்கிகள் தேர் வீதி முழுக்க அதையே சொல்லின. என் பிள்ளையை அந்தப் பெயரில் இன்னொருவர் சத்தமாகக் கூப்பிட்டு நான் கேட்டது அப்போதுதான். தவறாகச் சொல்லிவிட்டேன் என்று தோன்றவே இல்லை. ஒவ்வொரு தடவை அவர் சொல்லும்போதும், இதோ ஓடி வருவான் என்று கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது இல்லீங்க" என்றார் மாமியார். "அந்தப் பேரு இல்லீங்கம்மா."

"பெத்தவங்க சொல்றாங்க, நீங்க இல்லைங்கறீங்க. அப்ப எதுங்கம்மா?"

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் முந்தானையை எடுத்துவிட்டு, மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து, தன் புருஷன் பெயரைச் சொன்னார். பெண் போலீஸுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாயில் எடுக்காத பெயர் அது. பெற்றவள் நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் வந்த சற்று நேரத்தில் ஒரு வளையல் கடைக்காரம்மா பையனைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் அவர் கடையில்தான் நின்றிருக்கிறான். மாமியார் அவனை வாரி அணைத்துக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பின்னாலேயே என் கணவர் ஓடி வந்தார். சட்டையெல்லாம் நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மைக்குல இவம் பேரக் கேட்டதும் உசுரே போயிருச்சுங்க. அங்கிருந்து ஓடியாந்தேன்" என்றார். மூச்சு நிதானப்பட்டதும் சொன்னார்: "அதுக்கு முன்னால வேற ஒரு பையனத் தேடிட்டிருந்தாங்க. நா பாட்டுக்கு யாரு பெத்த புள்ளையோன்னு மெதுவா நடந்து வந்துட்டிருந்தேன். பாவம், கெடச்சுட்டானுங்களா அந்தப் பையன்?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது நடிக்கிறாரா என்று பார்த்தேன். நடிக்கவில்லை. நிஜமாகவே யாரோ ஒரு பிள்ளைக்காக வருத்தப்பட்டுக்கொண்டு நின்றார். பேக்கரியில் அவரே சொன்ன பெயர், ஷூ போடும்போது தினமும் சொன்ன பெயர், அவருக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது. இத்தனை நாள் அதை ஒளித்து வைத்திருக்கிறார், மனசுக்குள் அவருக்கும் உறுத்தும் என்றுதான் நான் கோபத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் தரையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"இல்லீங்க" என்றேன். "அந்தப் பையன் கெடைக்கல."

"அடடா" என்றார் அவர். பையனைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் வழி விலக்கியபடி எங்களுக்கு முன்னால் நடந்தார்.